களம் என்று எழுதிய இடம்

பாகூர்
12 ஜூன் 2024

திரு. தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

இந்தக் காலத்தில் போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்கள் குடும்பத்து வாய்ப்பேச்சு எங்கள் குடும்பத்துக்கு ஒருநாளும் ஆகிவந்ததில்லை. என் அம்மா காசம்மாளுக்கு உங்கள் அப்பா தருவதாகச் சொன்ன மனைக்கட்டு, அம்மா செத்துப் பதினோரு வருஷமாகியும் அவர் வாயிலேயேதான் இருக்கிறது. ஆகவே இனி எதுவானாலும் எழுத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சிறுமியர் இல்லத்தின் பின்பக்க நிலம் விவசாய மண்டலத்தில் வருகிறது, அங்கே விளையாட்டுத் தளம் போட விதிவிலக்கு வாங்க வேண்டும் என்று சொன்னது நீங்கள். தவளக்குப்பம் ஜங்ஷனில் உங்கள் இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து பிளான் போட்டது நீங்கள். மனு எழுதியதும் நீங்கள். பக்கத்து நிலக்காரர்களுக்கு முப்பது நாள் அவகாசம், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றதும் நீங்கள்தான். இருபத்தொன்பதாம் நாள் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார் ஒருவர். அரங்கநாதன், உங்களைப் பெற்றவர்.

நேற்று அதன் நகல் வந்தது. மூன்று காரணம் சொல்லியிருக்கிறார். பந்து பயிரில் விழுமாம். வாய்க்கால் ஓட்டம் கெடுமாம். வயதுவந்த பெண் பிள்ளைகள் அரைக்கால் உடையில் ஆடுவது ஊர் ஒழுங்குக்கு ஆகாதாம். மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என் அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் வயலில் நடவு நட்ட நாற்பது வருஷமும் இந்த ஊர் ஒழுங்கு எங்கே போயிருந்தது?

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும் என்று. மழைக்காலத்திலும் தண்ணீர் நிற்காத விளையாட்டு இடம் வரும் பிப்ரவரிக்குள் இல்லையென்றால் இல்லத்தின் பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஆய்வுக் குழு சொல்லிவிட்டது. பதிவு போனால் இருபத்தாறு பிள்ளைகளையும் வயது பார்த்துப் பிரிப்பார்கள். பத்துக்குக் கீழே ஒரு ஊர், மேலே வேறு ஊர். ஆதிலட்சுமிக்குப் பதினான்கு, அவள் தங்கை அம்சவள்ளிக்கு எட்டு. சின்னது இன்றைக்கும் தன் தட்டில் சாப்பிடாது, அக்கா தட்டில்தான் கை வைக்கும். இவர்களைப் போல இன்னும் மூன்று ஜோடி இருக்கிறது.

சேதராப்பட்டு கம்பெனிக்காரர்கள் கொடுத்த கூடைப்பந்துக் கம்பம் இரண்டும் தாழ்வாரத்தில் படுத்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் அதில் துணி காயப்போடுகிறார்கள்.

உங்கள் அப்பாவைச் சரிக்கட்ட முடியுமா, முடியாதா? பதில் எழுதுங்கள்.

ஜோஸ்பின்
கண்காணிப்பாளர், லூர்தம்மாள் சிறுமியர் இல்லம்


தவளக்குப்பம்
20 ஜூன் 2024

ஜோஸ்பின்,

பாகூர் ஸ்கூலில் ஒரே வகுப்பில் குப்பை கொட்டியவளுக்கு நான் ‘திரு’ ஆகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

அப்பா ஆட்சேபணை கொடுத்தது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நம்பினால் நம்பு. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “இன்னாடா, காசம்மா மவ எனக்கு கவுர்மெண்டு நோட்டீசு அனுப்பறா? வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவா?” என்று குதிக்கிறார். பந்தும் கிடையாது வாய்க்காலும் கிடையாது, அவருக்கு இதுதான் கோபம். எழுபத்துநாலு வயசு. இந்த வயசில் அவரை நான் என்ன மாற்றுவது?

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நிதானமாகப் படி.

விவசாய மண்டலத்தில் விளையாட்டுத் தளம் என்றால்தான் விதிவிலக்கு, ஆட்சேபணை, விசாரணை என்று இழுப்பார்கள். அதே இடத்தில் நெல் காயவைக்கும் களம் என்றால் இவ்வளவும் வேண்டாம். கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு மனு, பக்கத்து நிலக்காரர் கையெழுத்து, பத்து நாளில் முடிந்துவிடும். களமும் சிமெண்ட் தரைதான், கூடைப்பந்துத் தளமும் சிமெண்ட் தரைதான். அளவைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தரை காய்ந்த பிறகு கம்பத்தை நட்டுக்கொள். கம்பத்துக்கு யாரும் வந்து அனுமதி கேட்கப் போவதில்லை. ஆய்வுக் குழுவுக்கு வேண்டியது தண்ணீர் நிற்காத தரை, அது கிடைத்துவிடும்.

களம் என்றால் அப்பா கையெழுத்துப் போடுவார். கேட்டுவிட்டேன். பழைய விதிவிலக்கு மனுவை வாபஸ் வாங்க வேண்டாம். அது பாட்டுக்கு நகரட்டும், வந்தால் நல்லது.

காகிதங்களை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் குறி வைத்திருக்கிறேன்.

தமிழ்


பாகூர்
27 ஜூன் 2024

தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

காலை ஜெபத்தில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், இன்றைக்கு நாலு இடத்தில் களம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வயல் ஒரு சென்ட் கிடையாது, எங்களுக்குக் களம். கர்த்தர் கணக்கை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பிப்ரவரிக்கு அதிக நாள் இல்லை.

நீங்கள் குறி வைத்த இடங்களில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வரும் நேரம், இரண்டு பேருக்குக் காய்ச்சல் வேறு. எல்லாப் பக்கத்தையும் உட்கார்ந்து படிக்க நேரமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். களம் என்று எழுதினால் நெல் வருமா?

இன்னொன்று. எனக்கும் உங்களுக்கும் ஒரே வயது, நாற்பத்தாறு. நான் உங்களை நீங்கள் என்கிறேன். நீங்கள் என்னை நீ என்கிறீர்கள். சும்மா சொன்னேன்.

ஜோஸ்பின்


தவளக்குப்பம்
1 ஜூலை 2024

ஜோஸ்பின்,

களம் காகிதத்தில் மட்டும்தான். உன் தரையில் ஒரு நெல்மணி விழாது. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன். போதுமா?

நீ நான் என்பதெல்லாம் பழக்கத்தில் வருவது. அதில் போய் என்ன இருக்கிறது.

தமிழ்


பாகூர்
21 அக்டோபர் 2024

தமிழ்,

திட்டத்தான் கடிதம் எழுதுவாள் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு நல்லதும் எழுதுகிறேன்.

போன வாரம் கொட்டிய மழையில் சுற்றிலும் முழங்கால் தண்ணீர். எங்கள் கூடைப்பந்து கோர்ட்டில் மட்டும் மழை விட்ட அரைமணி நேரத்தில் தரை தெரிந்தது. பிள்ளைகள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி மிச்சத் தண்ணீரையும் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைக் கோடு போட்டதும் அவர்கள்தான், அதனால் ஒரு பக்கம் கோணல். அம்சவள்ளிக்குக் கூடை எட்டாது. ஆதிலட்சுமி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பத்தடியில் போய் நிற்கிறாள், இது பந்தைப் போட்டுவிட்டு “நான்தான் கோல்” என்று கத்துகிறது. கூடைப்பந்தில் கோல் கிடையாதுடி என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

உங்கள் அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவர் வயலில் போய் விழுந்தது. எனக்கு உயிரே இல்லை. அவரே சேற்றில் இறங்கி எடுத்து வீசினார். அப்புறம் கோர்ட் ஓரத்தில் வந்து காலால் தட்டிப் பார்த்து, “தர நல்லா கெட்டியாத்தான் போட்டுகிறாங்க” என்றார். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எங்களைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

ஜோஸ்பின்


பாகூர்
3 பிப்ரவரி 2025

தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

கோர்ட்டில் நெல் கொட்டிக் கிடக்கிறது.

காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, உங்கள் அப்பா இரண்டு டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடை வரைக்கும் நெல். அவர் ஆள் சுப்பராயலு எங்கள் கம்பத்தில் கயிறு கட்டித் தார்ப்பாய் தொங்கவிட்டிருக்கிறான்.

“ஐயா, இது புள்ளைங்க வெளையாடற எடம்” என்றேன்.

“பேப்பர்ல இன்னா எழுதிகிது? களம்னுதானே? களத்துல நெல்லு காயாம கருவாடா காயும்?” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். மூன்றாம் பக்கம். ‘அறுவடைக் காலங்களில் அடுத்துள்ள நில உரிமையாளர் மேற்படி களத்தில் நெல் உலர்த்திக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழே என் கையெழுத்து. டைப் அடித்தது உங்கள் ஆபீஸ். பென்சில் குறியும் உங்களுடையது, அழிக்காமலே விட்டிருக்கிறீர்கள்.

எதுவானாலும் எழுத்தில் என்று ஊருக்கெல்லாம் சொன்ன கழுதை நான், எழுதியிருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என் தப்பு. ஆனால் ‘ஒரு நெல்மணி விழாது’ என்று எழுதினவர் யார்? அந்தக் கடிதமும் என் பீரோவில்தான் இருக்கிறது.

13ஆம் தேதி பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் என் கோர்ட் காலியாக வேண்டும். போன் பண்ணாதீர்கள், உங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். நேரிலும் வர வேண்டாம், பிள்ளைகள் எதிரில் நான் தாறுமாறாகப் பேசிவிடுவேன்.

ஜோஸ்பின்


தவளக்குப்பம்
6 பிப்ரவரி 2025

ஜோஸ்பின்,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் கேள்.

அந்த வரி இல்லாமல் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் களம் இல்லை, களம் இல்லாமல் உனக்குக் கோர்ட் இல்லை. சும்மா ஒரு பிடிவாதத்துக்குக் கேட்கிறார், நிஜமாகக் கொண்டுவந்து கொட்ட மாட்டார் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நீ போட மாட்டாய். அதனால் சொல்லவில்லை.

போன வருஷம் வரைக்கும் ரோட்டில்தான் காயவைத்தார். ஒரு பைக்காரன் நெல்லில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. அப்பாவை ஸ்டேஷனில் நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள். இனி ரோட்டில் ஒரு கைப்பிடி போட்டாலும் கேஸ் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மிஷின் அறுப்பு, நெல் ஈரத்தோடு வந்து விழுகிறது. அப்படியே கொடுத்தால் வியாபாரி தொட மாட்டான். அவர் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார், சொல்.

நல்ல வெயில் அடித்தால் 12ஆம் தேதி சாயங்காலம் அள்ளிவிடுவோம். அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். முடிந்தால் குழுவை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லிப் பார். அள்ளும் வரைக்கும் பொறுத்துக்கொள், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழ்


பாகூர்
17 பிப்ரவரி 2025

தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். யாரும் பிற்பாடு மாற்றிச் சொல்லக் கூடாது.

12ஆம் தேதி நான் சுகாதாரச் சான்று வாங்க வில்லியனூர் போயிருந்தேன். இரண்டு நாள் மேகமாக இருந்ததால் நெல் காயவில்லை. இன்னும் இரண்டு வெயில் வேணும், நாளைக்கெல்லாம் அள்ள முடியாது என்று சுப்பராயலு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சமையல்கார அம்மா பிள்ளைகள் காதுபட அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஆதிலட்சுமி நெட்டப்பாக்கம் பக்கத்து வயற்காட்டுப் பிள்ளை. காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிவிட்டால் அடிநெல் மேலே வந்து சீக்கிரம் காயும் என்று அதற்குத் தெரியும். நாலேகாலுக்கு ஸ்கூலிலிருந்து வந்ததும் இருபத்தாறு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, பி.டி. டீச்சர் போல விசில் ஊதிக் கிளறவிட்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. நானோ உங்கள் அப்பாவோ சொல்லவில்லை. அவர்களாகத்தான் செய்தார்கள்.

13ஆம் தேதி வர வேண்டிய குழு, அன்றைக்கு வண்டி கிடைத்தது என்று 12ஆம் தேதி நாலரைக்கே வந்து இறங்கிவிட்டது.

“இன்னாம்மா பண்றீங்க?” என்று குழுவில் வந்த மேடம் கேட்டிருக்கிறார்.

“நெல்லு காயவெக்கிறோம் மேடம். சீக்கிரம் காஞ்சா அள்ளிடுவாங்க, நாளைக்கி நீங்க வரச்சொல்லோ வெளையாடிக் காட்டலாம்” என்று அம்சவள்ளி சொல்லியிருக்கிறது. அறிக்கையில் அந்தப் பதிலின் முதல் இரண்டு வார்த்தை மட்டும் இருக்கிறது. போட்டோவும் இருக்கிறது. வெறுங்கால், நெற்றியில் வியர்வை, இருபத்தாறு பெண்கள்.

‘இல்லக் குழந்தைகளைத் தனியார் விவசாய வேலையில் ஈடுபடுத்தியது. விளையாட்டுத் தளம் என்று காட்டப்பட்டது ஆவணங்களின்படி நெற்களம்.’ பதிவு ரத்து. மாதக் கடைசிக்குள் பிள்ளைகளை இடம் மாற்றச் சொல்லி உத்தரவு.

என் அம்மாவுக்கு உங்கள் வீட்டு நெல்லைக் காலால் கிளறியே பித்தவெடிப்பில் ரத்தம் வரும். என் கண்ணெதிரில் இன்னொரு பெண் பிள்ளை அரங்கநாதன் நெல்லைக் கிளறாது என்று நினைத்துத்தான் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தாறு பேர் கிளறிவிட்டார்கள், விசில் அடித்துக்கொண்டு.

நீங்கள் நன்றாக இருக்க மாட்டீர்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அப்படியும் இதுதான் வருகிறது.

ஜோஸ்பின்


தவளக்குப்பம்
11 மார்ச் 2025

ஜோஸ்பின் அவர்களுக்கு,

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போன அன்றைக்கு நான் பாகூர் ரோட்டில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். முதல் வேனில் பெரிய பிள்ளைகள், இரண்டாவதில் சின்னதுகள். இரண்டாவது வேனிலிருந்து வந்த அழுகைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இத்துடன் ஒரு உத்தரவு வைத்திருக்கிறேன். நீங்கள் போன வருஷம் போட்ட பழைய மனு. உங்கள் நிலத்தில் விளையாட்டுத் தளம் அமைக்க விதிவிலக்கு கொடுத்துவிட்டார்கள். அப்பா ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். தேதியைப் பாருங்கள். ஜனவரி 17.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோருடைய மனுவிலும் தபால் முகவரியாக என் ஆபீஸ் முகவரியைத்தான் போடுவேன். உங்கள் மனுவிலும் அதுதான். ஜனவரி 22ஆம் தேதி என் கைக்கு வந்துவிட்டது. கவரைப் பிரித்துப் படித்தேன். அன்றைக்கே உங்களிடம் கொடுத்திருந்தால் அது களம் இல்லை, விளையாட்டுத் தளம். அப்பாவுடைய மூன்றாம் பக்கம் செல்லாது. நீங்கள் ஒரு நெல்மணியைக்கூட உள்ளே விட்டிருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் கொடுக்கவில்லை. அப்பா நெல் அறுக்கப் பத்து நாள்தான் இருந்தது. இந்த ஒரு போகம் காயட்டும், அள்ளின மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று டிராயரில் வைத்துவிட்டேன். நீங்கள் கோபித்து எழுதிய அன்றைக்கும், நான் பதில் எழுதிய அன்றைக்கும் அது என் முழங்கை பட்ட டிராயரில்தான் இருந்தது. அப்பாவுக்கு இது தெரியாது. அவர் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை, தட்டத் தெரியாமலே வயசாகிவிட்டது.

அப்பா ஒரு மூட்டை புழுங்கலரிசி கொடுத்தனுப்பினார். இல்லத்து வாசலில் வைத்துவிட்டு வந்தேன், உள்ளே வரத் தைரியம் இல்லை.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெளியே தெரிந்தால் என் லைசென்ஸ் போய்விடும், எனக்கும் இரண்டு பிள்ளைகள். மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை.

தமிழ்க்குமரன்


பாகூர்
19 மார்ச் 2025

திரு. தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தடவையாக என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு இருபத்தாறு பிள்ளைகள் போக வேண்டியிருந்தது.

ஆதிலட்சுமி டவுனில் இருக்கிறாள். அம்சவள்ளியைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு மணி நேரப் பயணம். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நெல்லைக் கிளறினதால்தான் அனுப்பிட்டாங்களா மிஸ், நான் மேடத்துக்கிட்ட தப்பா சொல்லிட்டேனா என்று கேட்டது. இல்லடி கண்ணு, நீ சரியாத்தான் சொன்னே என்றேன். நம்பவில்லை. தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதிவு ரத்தானதை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருக்கிறேன். களம் என்று பொய் எழுதியதில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அதற்காக என்னை வேலையிலிருந்து தூக்கினால் தூக்கட்டும். பிள்ளைகள் திரும்பி வந்தால் போதும், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஜனவரி 17லிருந்தே அது விளையாட்டுத் தளம்தான், அந்த உத்தரவு எனக்கு வராமல் தடுக்கப்பட்டது, நெல்லுக்கும் இல்லத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் என் வாதம். தடுக்கப்பட்டதற்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் கேட்டார்.

கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்கவில்லை. மூன்று நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கிவிட்டேன். ஒன்று மேல்முறையீட்டில் இருக்கிறது. ஒன்று உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போய்விட்டது. மூன்றாவதை நானே எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதானே அவர் குறை. முழுவதும் கேட்டார்.

உங்களுக்கும் இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

வாசலில் இருக்கும் அரிசி மூட்டையை ஆள் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சாப்பிட யாரும் இல்லை.

ஏப்ரல் 24ஆம் தேதி விசாரணை. நீங்கள் வர வேண்டாம். உங்கள் கையெழுத்து வந்தால் போதும்.

ஜோஸ்பின்